துணையாளுக்குப் பன்னிரண்டு ஆண்டு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தூத்துக்குடி இருவர்போர்க் களத்தில் புது மணல் பரப்பிவிடுவார்கள். அன்று முதலில் அழைக்கப்பட்ட பெயர் லிகோரி. அவனுக்குத் துணையாளாக வந்தவள் அக்கா டெல்பின். எதிரே நின்றவன், படகுத்துறையில் எல்லோர் முன்பும் லிகோரியைத் திருடன் என்று சொன்ன ஜெரால்டு. அவனுக்குத் துணை, அப்பா மிக்கேல்.

களத்து அலுவலர் சட்டத்தை நிதானமாக விளக்கினார். முற்காலத்தில் இருவர்போரில் எதிரியைக் கொன்றவனைக் கொலைகாரன் என்று தூக்கிலிடச் சட்டம் இருந்தது. ஆனாலும் சண்டை நிற்கவில்லை. கத்திக்கு அஞ்சாதவன் கயிற்றுக்கா அஞ்சுவான்? அதனால் புதிய சட்டம் தண்டனையை இடம் மாற்றியது. கொன்றவனுக்கு ஒன்றுமில்லை, அவனுடைய துணையாளுக்குப் பன்னிரண்டு ஆண்டு சிறை.

தடுக்கும் வழியும் துணையாளிடமே இருந்தது. சண்டையிடுபவனின் பிடரியில் நரம்புப்பூட்டு, துணையாளின் கையில் அதன் பொத்தான். அழுத்தினால் அவருடைய ஆள் மட்டும் பத்து விநாடி அசைய முடியாமல் மரத்துப்போவான். உடனே எதிர்த் துணையாளின் பொத்தானில் விளக்கு எரியும்; அவரும் அழுத்துவார்; சண்டை முடியும். விளக்கைப் பார்த்தும் அழுத்தாதவர் சட்டம் வந்த இந்த ஒன்பது ஆண்டுகளில் ஒருவரும் இல்லை என்று அலுவலர் பெருமையோடு சொன்னார்.

டெல்பினின் மகளுக்கு மூன்று வயது. ரத்தம் பார்த்ததும் நிறுத்திவிடுவதாகத் தம்பி சத்தியம் செய்திருந்தான்.

நிறுத்தவில்லை. ஜெரால்டின் காது கிழிந்தது. பிறகு தோள். பிறகு இடக்கையின் இரண்டு விரல்கள் மணலில் விழுந்தன. மல்லாந்து கிடந்தவனின் மார்பில் முழங்காலை ஊன்றி லிகோரி கத்தியை ஓங்கினான்.

"ஏலே, போதும். எம்புள்ளய நெனச்சுப் பாரு."

"கண்ண மூடிக்கிடுக்கா."

அவள் அழுத்தினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. மிக்கேலின் பொத்தானில் விளக்கு எரிந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு பொத்தானை மெதுவாகக் கீழே வைத்தார்.

ஜெரால்டு வலக்கையால் மணலைத் துழாவித் தன் கத்தியை எடுத்தான். அசையாதிருந்தவனின் விலாவில் இறக்கினான். உருவினான். மறுபடி இறக்கினான். பத்து விநாடி மிக நீண்ட நேரம். லிகோரியால் கத்தக்கூட முடியவில்லை. கண்கள் மட்டும் அக்கா பக்கம் திரும்பின.

அவள் சட்டப்படியே நடந்ததால் வீட்டுக்குப் போகலாம் என்று அலுவலர் டெல்பினிடம் சொன்னார். மிக்கேல் விலங்குக்குத் தாமே கைகளை நீட்டினார். காவலர்கள் அழைத்துப் போகையில் அவள் எதிரே ஒரு கணம் நின்றார்.

"பன்னெண்டு வருசம் ஒனக்குப் பெருசாப் பட்டுச்சு, தாயி. எனக்குப் படல."