நான்காவது சீட்டு

பேராசிரியர் மேசைமேல் வைத்தது ஒரு காலி உறை. நாலாக மடித்த பழுப்புக் காகிதம், மூலையில் பென்சிலில் ஓர் எண், கீழே அவர் கையெழுத்து, அவ்வளவுதான். ஆனால் அதைக் கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் வைத்தார்.

"இதுல ஒரு காளான் இருந்துச்சு. காஞ்சது, சுண்டுவிரல் நீளம். யாரோ எடுத்துட்டாங்க."

"காளானா?" என்றார் மைத்துனர். "மழைக்கு மழை முளைக்குமே சார். இன்னொண்ணு பறிச்சிட்டா போச்சு."

ரேகைக்காரர் திரும்பிப் பார்த்தார். முப்பது வருடம் கைரேகைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பெயர் அதனால் வந்தது. அவருடைய மனைவியின் தம்பி மைத்துனர், பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தானுக்கு வரும் வழக்குகளில் அழையா விருந்தாளியாக ஒட்டிக்கொண்டவர். எதையும் வாய்விட்டு உரக்கச் சொல்லியே பழகியதால் அந்த வாய் சும்மா இருக்காது.

"அது முளைச்ச இடம் இப்ப அணைத் தண்ணிக்குள்ள இருக்கு. வேற எங்கயும் நான் பார்த்ததில்லை," என்றார் பேராசிரியர். "புதுசா ஒரு காளானுக்குப் பேரு வைக்கணும்னா, அதோட மாதிரி, அதாவது காயவச்ச காளான் ஒண்ணு, காப்பகத்துல இருக்கணும். அது இல்லாம பேரு செல்லாது. அடுத்த மாசம் அச்சுல வர வேண்டியது. படம் எடுக்கலாம்னு சனிக்கிழமை உறையைத் திறந்தேன். காலி."

"அவ்வளவு முக்கியமா சார் இந்தப் பேரு?" என்று கேட்டார் ரேகைக்காரர். குரலில் கேலி இல்லை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாப்பத்தோரு வருஷமா இதே வேலை. ஒரு காளானுக்குக்கூட நான் பேரு வைக்கலை. புதுசுன்னு நான் துள்ளுற ஒவ்வொரு தடவையும் எவனாவது எனக்கு முன்னாடியே வச்சிட்டுப் போயிருப்பான். முதல்ல வச்ச பேருதான் நிக்கும், அதுதான் எங்க சட்டம். இது என் மனைவி பறிச்சது. அவ பேரை வைக்கப் போறேன்னு ஆஸ்பத்திரியில கடைசி நாள் அவகிட்ட சொன்னேன். சிரிச்சா. இப்ப என் கண்ணும் போயிட்டிருக்கு. டாக்டர் ஆறு மாசம்னு சொல்றார்."

இன்னொன்று பறிக்கச் சொன்ன தன் வாயை மைத்துனர் மனதுக்குள் திட்டிக்கொண்டார்.

"எடுத்தவன் யாருன்னும் தெரியும்," என்றார் பேராசிரியர். "என் மாணவன். இப்ப எங்க துறையிலேயே விரிவுரையாளர். காப்பகச் சாவி மூணு பேர்கிட்டதான் இருக்கு. நான், காப்பாளர் அம்மா, அவன். நேத்து முகத்துக்கு நேரா கேட்டேன். வாயே திறக்கலை."

காப்பகம் என்பது நீளமான ஓர் அறை. இரும்பு அலமாரிகள் வரிசையாக நின்றன. பூச்சி மருந்தின் நெடி மூக்கைத் துளைத்தது. காப்பாளர் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. இருந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் விரல் நீட்டிக் காட்டினார்.

"வெள்ளிக்கிழமை நான் லீவு. வியாழக்கிழமை சாயங்காலம் நான் பூட்டறப்ப உறையில காளான் இருந்துச்சு."

ரேகைக்காரர் நான்காம் அலமாரியில் உறை இருந்த தட்டை விரலால் தடவினார். உறையை விரித்து உள்ளே பார்த்தார், மறுபடி மடிக்கப் போனார், முடியவில்லை. மூன்றாம் முறையும் ஓரம் பிதுங்கியது. காப்பாளர் அம்மா வாங்கி ஒரே மடிப்பில் மடித்துக் கொடுத்தார்.

"காஞ்ச காளான் எளிதா உதிருமா?"

"அப்பளம் மாதிரி உதிரும் சார்."

"தட்டுல ஒரு துகள்கூட இல்லை," என்றார் ரேகைக்காரர். பிறகு சன்னலோரம் இருந்த நுண்ணோக்கியிடம் போனார். அதிக உருப்பெருக்கம் தரும் வில்லை கீழே இறங்கியிருந்தது. அதன் நுனியில் எண்ணெய் பளபளத்தது.

காப்பாளர் அம்மா முகம் சுளித்தார். "காளானோட வித்து தூசி மாதிரி இருக்கும், அந்த வித்தைப் பார்க்கறதுக்கு எண்ணெய் விடுவோம். பார்த்ததும் துடைச்சிடணும். இங்க யாரும் இப்படி விட்டுட்டுப் போனதே இல்லை."

பக்கத்தில் பசைப் புட்டி மூடாமல் கிடந்தது. மேலே ஆடை கட்டியிருந்தாலும் குச்சியால் குத்தியபோது உள்ளே இன்னும் ஈரம்.

"இந்தப் பசை எதுக்கும்மா?"

"கருத்துச் சீட்டு ஒட்டத்தான். யாரோட மாதிரியைப் பார்த்தாலும் சரி, இது இன்ன காளான்னு சின்னச் சீட்டுல எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையில ஒட்டணும். ஒட்டினதை அப்புறம் யாரும் கழற்றக் கூடாது. தப்பா இருந்தாலும் கழற்றக் கூடாது. கீழே இன்னொண்ணுதான் ஒட்டலாம்."

ஏணி அறையின் கடைசியில் பதினேழாம் அலமாரியில் சாய்ந்திருந்தது. அதன் படிகளில் படிந்திருந்த தூசியில் புதிய காலடித் தடங்கள். இருபது வருடமாக அந்த அலமாரியை யாரும் கேட்டதில்லை, அலமாரிக்கு ஒரு காளான் குடும்பம், அது வேறு குடும்பத்துக்கானது என்றார் காப்பாளர் அம்மா.

"அத்தான், எனக்குப் புரிஞ்சிடுச்சு," என்று மைத்துனர் காதைக் கடித்தார். "அவன் திருடி அங்க ஒளிச்சு வச்சிருக்கான். பின்னாடி தன் பேர்ல அச்சடிப்பான்."

"பாதி சரி மச்சான்," என்றார் ரேகைக்காரர். அவர் முகம் ஏனோ வாடியிருந்தது.

பிற்பகலில் நால்வரையும் காப்பகத்தில் உட்கார வைத்தார். மாணவர் என்று பேராசிரியர் சொன்னவருக்கு நாற்பது வயது இருக்கும். குள்ளமான மனிதர், தரையைப் பார்த்தபடி இருந்தார். பேராசிரியர் அவருக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்தார்.

"எடுத்தவருக்கு இந்த வேலை அத்துப்படி," என்று தொடங்கினார் ரேகைக்காரர். "துகள் சிந்தலை, மடிப்புக் கலையலை. அம்மாவால ஏணி ஏற முடியாது. ஐயாதான் எங்கிட்ட வந்தவர். ஆக, எடுத்தது யாருன்னு கேள்வியே இல்லை. ஏன்னுதான் கேள்வி. திருட வந்தவன் எடுத்துட்டுப் போவான். இவர் உட்கார்ந்து வித்தைப் பார்த்திருக்கார். எதையோ எதோடயோ ஒப்பிட்டிருக்கார். பார்த்த அதிர்ச்சியில எண்ணெயைத் துடைக்கக்கூட மறந்திருக்கார். ஆனா ஒண்ணை மட்டும் மறக்கலை. பசையை எடுத்திருக்கார்."

"சார்," என்றார் மாணவர் முதல் முறையாக. "வேண்டாம் சார். நான்தான் எடுத்தேன்னு எழுதிக் கொடுத்துடறேன். இதோட விட்டுடுங்க."

ரேகைக்காரர் பேராசிரியரைப் பார்த்தார். "ஐயா, இவர் சொல்றபடி விட்டுடலாமா?"

"சொல்லுங்க," என்றார் பேராசிரியர்.

"அந்த மாதிரியை இவரால அழிக்க முடியலை. கண்ட இடத்துல வைக்கவும் மனசு வரலை. அது எங்க இருக்கணுமோ அங்கயே வச்சு, பழக்க தோஷத்துல சீட்டும் எழுதி ஒட்டியிருக்கார். மச்சான், பதினேழுல மேல்தட்டு. பசை மினுங்கற உறையை எடுத்துட்டு வாங்க."

மைத்துனர் ஏணியில் ஏறினார். உறை உடனே கிடைத்தது; உள்ளே காய்ந்த காளான்கள் இரண்டு இருந்தன. இரண்டாவது முறை யோசிக்காமல், பேருந்தில் நிறுத்தத்தின் பெயரைக் கூவுவதுபோல் ஏணியிலிருந்தே படித்தார்.

"மூணு சீட்டு இருக்கு அத்தான். முதல் சீட்டு, நூத்தியெட்டு வருஷத்துக்கு முந்தினது, என்னமோ ஒரு துரை பேரை வச்சிருக்காங்க. மூணாவது, போன வெள்ளிக்கிழமை. 'ஐயாவின் மாதிரியும் இதுவும் ஒன்றே. முதல் சீட்டின் பெயரே செல்லும்.' நடுவுல ஒண்ணு, நாப்பது வருஷம் முந்தினது. 'குடும்பம் தவறு. நான்காம் அலமாரியிலிருந்து பதினேழுக்கு மாற்றுகிறேன்.' கையெழுத்து..."

அவர் நிறுத்திக்கொண்டார். அந்தக் கையெழுத்தைக் காலையில்தான் காலி உறையில் பார்த்திருந்தார். அத்தான் எடுத்துவரத்தான் சொன்னார், படிக்கச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மைத்துனர் இறங்கிவந்து உறையை மேசையில் வைத்தார். ரேகைக்காரர்கூட நடுச்சீட்டை எதிர்பார்க்கவில்லை. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"நான்தான்," என்றார் பேராசிரியர். "வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். என் முதல் சீட்டு அது. வித்தைச் சரியாப் பார்க்காம, பெரிய மேதாவி மாதிரி மாத்தி வச்சேன். அது இங்க இருந்திருந்தா..." அவர் நான்காம் அலமாரியைக் காட்டினார். "இருந்திருந்தா அவ பறிச்ச அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அவகிட்ட அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன்."

மாணவர் அழுதுகொண்டிருந்தார். "ஐயா, பழைய பதிவேட்டுல துரையோட குறிப்பைப் படிச்சு சந்தேகம் வந்துதான் பதினேழைத் திறந்தேன். அச்சுல வந்துட்டா ரெண்டு வருஷத்துல எவனாவது கண்டுபிடிப்பான். அம்மா பேரு செல்லாத பேருங்க பட்டியல்ல சேரும். சொல்லவும் எனக்கு வாய் வரலை. திருட்டுப் போச்சுன்னா என்மேல கோபம் வரும், அதோட போயிடும்னு நினைச்சேன்."

"கோபப்பட்டேன் தம்பி. நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் பேராசிரியர்.

பிறகு அவர் சீட்டு ஒன்று கேட்டார். காப்பாளர் அம்மா தயங்கித் தயங்கிக் கொடுத்தார். பேராசிரியர் உறையை மேசையில் விரித்து, மூக்கு காகிதத்தில் படும் அளவுக்குக் குனிந்து, எழுத்தெழுத்தாக எழுதினார்: முந்தைய என் முடிவு தவறு. இரண்டும் ஒன்றே. தேதி போட்டு, கையெழுத்திட்டார்.

மைத்துனர் பசைப் புட்டியை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார்.

"அவகிட்ட சொல்லிட்டேனே," என்றார் பேராசிரியர், யாரிடமும் இல்லாமல்.

பசை தடவி, விரலால் இடத்தைத் தடவிப் பார்த்து ஒட்டினார். அவருக்குத் தெரியவில்லை, சீட்டு கோணலாக ஒட்டிக்கொண்டது, ஒரு மூலை மாணவரின் கையெழுத்தை மறைத்தது. நேராக்க மாணவரின் கை நீண்டது. ஒட்டியதைக் கழற்றக் கூடாது என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார். மாணவர் கையை இழுத்துக்கொண்டார். காப்பாளர் அம்மா உறையை வாங்கி நான்காம் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.