உப்பு பூத்த தரை

முத்தியால்பேட்டையில் இருந்த தன் துப்பறியும் அலுவலகத்தை அகஸ்டினா திறந்த கையோடு மாலா உள்ளே வந்துவிட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நாளைக்கு எம்புள்ளைய எடுத்துட்டுப் போகப்போறாங்க, மேடம். நாந்தான் சூடு வைக்கிறேன்னு சொல்றாங்க."

கொதிக்கிற ரசம் கொட்டி நாலு வயது முகிலனின் தொடை வெந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம்தான் வினை. கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் அதைச் சுற்றிப் புதுக் கொப்புளங்கள். டாக்டர் குழந்தைகள் நலக்குழுவுக்குச் சொல்லிவிட்டார். "பகல்ல வீட்ல அவ மட்டுந்தான் இருக்கா" என்று குழுவிடம் சொன்னது அவள் புருஷன், குல்ஃபி வண்டிக்காரன் தணிகாசலம். கட்டினவனே சந்தேகப்பட்டால் அவள் எங்கே போவாள்?

"தெச்ச துணியக் குடுக்க மத்தியானம் வாசக்கதவப் பூட்டிட்டு ஒரு நடை போவேன். மருந்து மயக்கத்துல தூங்குவான். திரும்பி வந்தா கட்டில்கிட்ட ஈரம். முன்னாடி குடியிருந்த பொண்ணு நோணாங்குப்பத்துல கடல்ல விழுந்து செத்தவளாம். அவதான் வராளோன்னு தெருவே பேசுது."

அகஸ்டினாவின் உதவியாளன் கலைவாணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். பேய் என்றால் அவனுக்குப் பயம், ஆசை இரண்டும் உண்டு.

மூன்று பேரும் வீட்டுக்குப் போனார்கள். மத்தியானத்திலும் அறை இருட்டாக இருந்தது. முகிலன் கண்ணைத் திறக்காமலே முனகினான். "சில்லுன்னு கை வந்துச்சு. அப்புறம் சுட்டுச்சு."

கலைவாணனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "மேடம், பூட்டின வீடு. ஈரக் காலோட ஒருத்தி..."

"சும்மா இரு" என்றாள் அகஸ்டினா. தரையில் ஈரம் காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கலைவாணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கட்டிலில் மடித்துக் கிடந்த துண்டைப் பிரித்துப் பார்த்தாள். நனைந்திருந்தது, எங்கேயும் கருகவில்லை. பிறகு கொல்லைக்கதவைத் திறந்தாள். வெளியே ஐஸ் மூட்டையும் கல்லுப்புச் சாக்கும் இருந்தன.

"அவரு மத்தியானம் இங்கதான் குல்ஃபிப் பானையச் சுத்தி ஐஸும் உப்பும் கட்டுவாரு" என்றாள் மாலா. "உள்ள வரமாட்டாரு."

"அவரக் கூப்பிடு."

தெருமுனையில் வண்டியோடு இருந்த தணிகாசலம் வந்து, பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"சூடு வச்சிருந்தா இந்த ஈரம் எதுக்கு? துணி நனைஞ்சிருக்கு, தரையில உப்பு பூத்திருக்கு" என்றாள் அகஸ்டினா நிதானமாக. "கடல்ல செத்தவ உப்புத்தண்ணியோட வருவான்னு கலை சொல்லுவான். ஆனா அவ கொல்லைக்கதவு வழியா ஏன் வரணும்? தினம் மத்தியானம் புள்ளைக்கு ஐஸ் ஒத்தடம் குடுக்கிறது நீங்கதானே?"

அவன் மறைக்கவில்லை. "எரியுதுன்னு அழுவான். ஆஸ்பத்திரில தண்ணி ஊத்துனாங்களே, ஐஸு இன்னும் நல்லதுன்னு நெனச்சேன். எதுவும் வைக்கக்கூடாதுன்னு இவ சண்ட போடுவா, அதான் சொல்லல."

"பட்ட உடனே குழாய்த் தண்ணி ஊத்தலாம், அதோட சரி. குல்ஃபி உறையணும்னு நீங்க உப்புப் போடுற ஐஸு, வெறும் ஐஸவிடக் கொடுமையான குளிர்ச்சி. நெருப்பு மாதிரியே தோலக் கொப்புளிக்க வைக்கும். வருஷக்கணக்கா ஐஸ்ல கிடந்து காய்ச்சுப்போன உங்க கைக்கு அது தெரியல."

"என் கைக்கு ஒண்ணும் ஆகலியே?"

அகஸ்டினா கொல்லையிலிருந்து உப்பு ஒட்டிய ஒரு ஐஸ்கட்டியை எடுத்து வந்து, அவன் முழங்கையின் உட்புறத்தில் வைத்தாள். "இங்க வச்சுப் பாருங்க."

வைத்த கொஞ்ச நேரத்திலேயே அவன் முகம் கோணியது. அகஸ்டினா எடுக்கப் போனாள். அவன் விடவில்லை. மறு கையால் அதை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். கண்ணீர் தாடையில் இறங்கியது. "நானா, மாலா? நானாடி?" பேய் என்று நினைத்தபோதுகூட கலைவாணனுக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

"நலக்குழுகிட்ட இப்பவே போய்ச் சொல்லுவோம். நீங்க உங்க வாயால சொல்லணும்" என்றாள் அகஸ்டினா.

அவன் தலையாட்டினான். ஐஸை மட்டும் எடுக்கவில்லை.

மாலா வந்து அதைத் தட்டிவிட்டாள். அவள் கோபம் போகவில்லை, குரலிலேயே தெரிந்தது.

"கையக் கெடுத்துக்காத. ஆஸ்பத்திரிக்குப் புள்ளையத் தூக்கிட்டுப் போக ரெண்டு கையும் வேணும்."