வெண்டலின் ராட்டரின் கோட்டு

பேருந்தை விட்டு இறங்கி, மூடுபனியில் மேடேறி, ரோஸ்விதா அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது மதியம் இரண்டு மணி. ஒரே ஒரு கோட்டுக்காக மூன்றாவது தடவையாக வந்திருக்கிறாள். கிராட்ஸ் நகரத்திலிருந்து இத்தனை தூரம்.

கதவைத் திறந்த ஹெர்மினாவுக்கு எழுபது வயதுக்கு மேல். "வாங்க டாக்டரம்மா. இன்னிக்காவது கையெழுத்துப் போடுவீங்களா, இல்ல மறுபடியும் காபி குடிச்சிட்டுக் கிளம்பிடுவீங்களா?"

கேலி ரோஸ்விதாவுக்குப் பழகிப்போன ஒன்று. வரலாற்றில் டாக்டர் பட்டம் வாங்கியவள்; பழைய பட்டாளத்து உடைகளும் பதக்கங்களும் அசலா போலியா என்று பார்த்துச் சொல்வது அவள் தொழில். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு குதிரைப்படைச் சட்டையை அசல் என்று எழுதிக் கொடுத்தாள். அதன் தையலில், அந்தக் காலத்தில் இல்லாத நைலான் நூல் இருந்தது பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து தொழிலில் இருப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'நைலான் ரோஸ்விதா'.

பின்னறையில் ஹெர்மினாவின் கணவர் லியோபோல்ட் சேர்த்து வைத்த சாமான்கள். அவர் ஜூலையில் இறந்துபோனார். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாவட்ட அருங்காட்சியகம் சம்மதித்துவிட்டது. பதக்கங்களில் சிக்கல் இல்லை. எடை, முத்திரை, நாடா எல்லாம் சரியாக இருந்தன. பாக்கி இந்தக் கோட்டுதான்.

தலையில்லாத தையல் பொம்மையின் மேல் அது நின்றது. முதல் உலகப்போர்க் காலத்து நீலச்சாம்பல் கம்பளி. ஈரக் கம்பளி வாடையும் பாச்சை உருண்டை வாடையும் அறை முழுக்க இருந்தன.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. அறையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது.

செப்டம்பரில் அளந்தபோது கை நீளம் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். அக்டோபரில் ஐம்பத்தொன்பதரை. அருங்காட்சியகப் பொறுப்பாளர் ஹூபர்ட் போனில் சிரித்தான். "ஒரு தையல்காரியை அனுப்பியிருந்தா ஒரே தடவைல அளந்திருப்பா." இன்று ரோஸ்விதா புது டேப் வாங்கி, இரும்பு அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

தோள்பட்டைத் தையலில் டேப்பின் நுனியை வைத்தாள். விளிம்பு வரை இழுத்தாள்.

அறுபத்தொன்றரை.

மறுபடி அளந்தாள். அதேதான். டேப்பைத் தூக்கி மேசையில் எறிந்தாள். "என்ன விளையாட்டு இது? கோட்டை மாத்தி மாத்தி வைக்கிறீங்களா?"

"மாத்தி வைக்க நான் என்ன கடையா நடத்துறேன்?" ஹெர்மினாவின் குரலும் உயர்ந்தது. "உங்களுக்கு அளக்கத் தெரியலேன்னா என்மேல ஏன் பாயுறீங்க?"

போன தடவை சந்தேகப்பட்டு, கோட்டின் உள்மடிப்பில் யாருக்கும் தெரியாமல் ஒரு சிவப்பு நூலைக் கோத்துவிட்டுப் போயிருந்தாள். மடிப்பைப் புரட்டினாள். நூல் இருந்தது. அதே கோட்டு. புது நூல் என்றால் மினுங்கும் என்று புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். எந்தத் தையலும் மினுங்கவில்லை. எங்கும் பிரித்துத் தைத்த தடமும் இல்லை. நூறு வருடத்துக்கு முந்தைய நூல், நூறு வருடத்துக்கு முந்தைய துணி.

அழுகை வரும்போல இருந்தது. எரிச்சலில் வருகிற அழுகை.

கோட்டோடு இருந்த படைவீரன் ஏட்டை எடுத்தாள். முன்பு பெயரையும் படைப்பிரிவையும் மட்டும்தான் சரிபார்த்திருந்தாள். வெண்டலின் ராட்டர். சேர்ந்தபோது வயது பதினேழு. உயரம் நூற்று அறுபத்தொரு சென்டிமீட்டர். அடுத்த வருடமே மலைப்போரில் சாவு.

பதினெட்டு. இன்னும் வளர்கிற வயது.

அவள் ஏட்டை மெல்ல மூடினாள். "ஹெர்மினாம்மா, உங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் இந்தக் கோட்டை ஏதாவது செஞ்சீங்களா?"

ஹெர்மினா குரலைத் தாழ்த்தினாள். "பெல்ட்டைக் கழட்டினேன். அவர் முப்பது வருஷமா அதை இறுக்கியே வெச்சிருந்தார். தொடவே விட மாட்டார். ஆகஸ்ட்ல தூசி தட்டும்போது பார்த்தேன். மூச்சுவிட முடியாதவன் மாதிரி நின்னுது. பாவமா இருந்துச்சு."

"எங்க அந்த பெல்ட்?"

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ரோஸ்விதா அதைக் கோட்டின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். பழைய துளை தேய்ந்து நீண்டிருந்தது. அதற்குக் கொக்கி எட்டவில்லை. கடைசித் துளைக்கு இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

கொக்கி துளையில் மாட்டிக்கொண்டது.

கம்பளி அவள் விரல்களுக்கு அடியில் சூடாக இருந்தது.

பிறகு அது மெதுவாக உப்பியது. நெஞ்சுப் பக்கம் முதலில், அப்புறம் விலா. பொத்தான்கள் ஒவ்வொன்றாக இறுகின.

நீளமாக ஒரு மூச்சு.

தோல் பட்டை அறுந்து தரையில் விழுந்தது.

"விட்டுடுங்க," ஹெர்மினா கிசுகிசுத்தாள். "இனிமே கட்டாதீங்க."

ரோஸ்விதா சமையலறைக்குப் போய், சான்றிதழ்த் தாளை விரித்தாள். கை நீளம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு எண் எழுதவேண்டும். எந்த எண்ணை எழுதினாலும் அருங்காட்சியகத்தில் அளக்கும்போது பொய்யாகிவிடும். நைலான் ரோஸ்விதாவுக்கு அதோடு தொழில் முடிந்தது. வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் மூன்று தேதிகளையும் மூன்று அளவுகளையும் உள்ளபடியே எழுதினாள். கீழே 'அசல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாளில் தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் ஹூபர்ட்டின் கையெழுத்து: 'முதலில் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இனி உங்களுக்கு வேலை அனுப்புவதாக இல்லை.' அவள் அதைக் கிழித்தாள். கிழித்தும் ஆத்திரம் தீரவில்லை. உண்மையை எழுதியதற்கு இதுதான் கூலியா?

அன்று காலையே ஹெர்மினா போன் செய்தாள்.

"டாக்டரம்மா, பொம்மை மேல கோட்டு இல்ல."

"யாராவது திருடியிருப்பாங்க. போலீஸுக்குச் சொல்லுங்க."

"கதவு உள்பக்கம் பூட்டித்தான் இருக்கு. போகும்போது சொல்லிட்டுப் போயிருக்கலாம் அவன்."

ரோஸ்விதா போனை வைத்தாள். நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அவளுடைய வீட்டில் அவள் ஒருத்திதான். பிள்ளைகள் யாரும் அங்கே வளர்ந்ததில்லை.

கதவு நிலையின் வெள்ளைச் சட்டத்தில், அவள் தலைக்கு நான்கு விரற்கடை மேலே, வளரும் பிள்ளையின் உயரத்தைக் குறிப்பதுபோல, பென்சிலால் ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இன்றைய தேதி. இப்போது யாரும் எழுதாத, படைவீரன் ஏட்டில் இருந்த அதே பழைய சாய்வெழுத்தில்.

அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பென்சில் கோட்டிலிருந்து கரித்தூள் மெல்ல உதிர்ந்தது.