இரண்டு குடைகளுக்கு நடுவே

ஊரைக் கவிந்து காக்கும் காந்தக்குடையின் பலத்தை இன்னும் ஒரு படி ஏற்றிவிட்டு உலகம்மை திருப்தியாக நாற்காலியில் சாய்ந்தாள். நிலவில் முல்லைக்குழி என்ற ஊருக்குக் குடைப் பொறியாளர் அவள்தான். மகள் கோமதி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரப்போகிறாள். சூரியன் வாரியிறைக்கும் மின்துகள் ஒன்றுகூடப் பேரப்பிள்ளைமேல் பட்டுவிடக் கூடாது.

கோமதி வாக்கப்பட்ட மருதக்குழி, ஊர்தியில் அரைநாள் பயணம். அங்கே குடைப் பொறியாளர் அவளுடைய மாமனார் பரமசிவன். மருமகள் உண்டாகியிருக்கும் சேதி கேட்டதிலிருந்து அவரும் தம் குடையை ஏற்றிக்கொண்டேதான் இருந்தார். சம்பந்திகளுக்குள் நல்ல போட்டி என்று இரண்டு ஊரும் கேலி பேசின.

கிளம்ப வேண்டிய அன்று கோமதி திரையில் வந்தாள்.

"எம்மா, ஊர்திக்காரரு வரமாட்டேங்காரு. பாதை பூரா துகளாம். பிள்ளைத்தாச்சிய ஏத்திக்கிட்டுப் போக முடியாதுங்காரு."

உலகம்மை பாதையில் துகளின் அளவைப் பார்த்தாள். காந்தம் எந்த மின்துகளையும் நிறுத்துவதில்லை; வேகத்தைத் துளியும் குறைப்பதில்லை; திசையை வளைத்துச் சுற்றவிடுகிறது, அவ்வளவுதான். இங்கே வளைந்த துகள் சுருள் சுருளாக மருதக்குழிக்கு ஓடியது. அங்கே காந்தம் இறுக இறுக, திரும்பி இங்கேயே வந்தது. மகள் வர வேண்டிய பாதையில் மாதக்கணக்காக அது சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஊருக்குள் மட்டும் அளந்து பார்த்துச் சந்தோஷப்பட்ட தன் புத்தியை அவள் நொந்துகொண்டாள்.

வழி இல்லாமல் இல்லை. இரண்டு குடைகளையும் ஒரே நேரத்தில் இறக்கினால் துகள்கள் இரு பக்கமும் சமமாக வடிந்துவிடும். ஊர்மக்கள் ஒரு பொழுது நிலவறையில் இருந்தால் போதும். ஒருவர் மட்டும் இறக்கினால் அத்தனையும் அவர் ஊரில்தான் கொட்டும். உலகம்மை சம்பந்தியைத் திரையில் அழைத்தாள்.

"மூணு எண்ணுதேன் அண்ணாச்சி. ரெண்டு பேருமாச் சேர்ந்து இறக்கிருவோம்."

"எண்ணு தங்கச்சி. ஜனங்களைக் கீழ அனுப்பியாச்சு," என்றார் பரமசிவன்.

எண்ணினாள். மூன்று என்றபோது விரல் விசைமேல் இருந்தது, அழுத்தவில்லை. கண் திரையில் இருந்தது. மருதக்குழிக் குடையும் இறங்கவில்லை.

"கை வழுக்கிட்டு தங்கச்சி."

"எனக்குந்தான் அண்ணாச்சி. மறுபடி எண்ணுவோம்."

மறுபடியும் எண்ணினார்கள். கோமதிக்கு வலி காணும்வரை எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.

பேத்தி மருதக்குழியில் பிறந்தாள். கோமதி திரையில் தூக்கிக் காட்டியபோது உலகம்மைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எப்பம்மா வந்து தூக்குவே?"

"வாரேன் தாயி. சீக்கிரமே வாரேன்."

பேசிக்கொண்டிருக்கும்போதே அளவைக் கவனித்தாள். பச்சைக்குழந்தைக்காக மருதக்குழிக் குடை ஒரு படி ஏறியிருந்தது. அந்தப் பக்கம் ஏறினால் துகள் இந்தப் பக்கம்தானே கசியும்?

கண்ணைத் துடைத்துக்கொண்டே உலகம்மையும் தன் குடையை ஒரு படி ஏற்றினாள்.