செவ்வாய்க்கிழமை வந்த புத்தகம்

ஐந்து புத்தகங்களின் பிளாஸ்டிக் உறைகளையும் கிழித்துப் போட்டுவிட்டு, நடுத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் அந்த ஆள்.

புத்தகக் கடையின் மாடியில், ஜன்னலோரமாக இருந்த பயணப் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. மதியச் சாப்பாட்டுக்காக இருபதே நிமிடம் போயிருந்தாள். அதற்குள் இந்த அட்டூழியம். வெளியே மழை வேறு கொட்டிக்கொண்டிருந்தது. மழைக்கு ஒதுங்குகிறேன் பேர்வழி என்று உள்ளே வந்து, ஓசியில் படித்துவிட்டுப் போகும் கூட்டத்தை அவள் எத்தனையோ பார்த்தாயிற்று. கோபம் வந்தால் அவளுக்கு முதலில் மூக்குதான் சிவக்கும். சிவந்தது.

“சார், இது கடை. உங்க வீட்டுக் கூடம் இல்ல.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்...

பெரிய கண்கள் என்று சொல்ல முடியாது. அழகான கண்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. பல நாள் தூக்கம் பாக்கி வைத்திருந்த கண்கள். ஆனால் பார்த்த மாத்திரத்தில் ‘உங்களுக்கு என்னாச்சு?’ என்று கேட்கத் தோன்றியது அவளுக்கு. திட்டுவதற்காக வாயில் தயாராக வைத்திருந்த அடுத்த வார்த்தை எங்கே போனதென்றே தெரியவில்லை.

“உறையைப் பிரிக்காம உள்ள என்ன இருக்குன்னு எப்படிங்க பாக்கறது?” என்றான்.

“அதுக்குத்தான் நான் இருக்கேன்.”

“நீங்க இல்லையே. சாப்பிடப் போயிட்டீங்க.”

“அதுக்காக நான் சாப்பிடவே கூடாதா?”

“தாராளமா சாப்பிடுங்க. உதட்டோரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு.”

அவசரமாகப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். ஒன்றுமே இல்லை. சும்மா சொல்லியிருக்கிறான், படுபாவி.

ஐந்துமே லிஸ்பன் நகரத்தைப் பற்றிய வழிகாட்டிப் புத்தகங்கள். எதற்கு ஒரே ஊருக்கு ஐந்து என்று அவள் அதட்டலாகத்தான் கேட்டாள். அவன் பதில் சொல்லச் சொல்ல, அதட்டலை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியாமல் திண்டாடினாள்.

அவனுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வருடம் ஊரையே மேலே ஏற்றிக் கீழே இறக்கிய மனுஷன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏதோ ஒரு காலண்டரில் லிஸ்பன் நகரத்து இரும்பு லிஃப்டின் படத்தைப் பார்த்திருக்கிறார். தெரு நடுவில் கோபுரம் மாதிரி நிற்கிற, நூறு வருடத்துக்கு மேல் பழைய லிஃப்ட். சாவதற்குள் அதில் ஒரு தடவை ஏறிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. ஆறு மாதத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறிவிட்டது. பேச்சும் படிப்பும் போய்விட்டன. செய்தித்தாளைத் தலைகீழாகக் கொடுத்தாலும் அப்படியே வாங்கிக்கொள்கிறார். ஆனால் வரைபடம் மட்டும் புரிகிறது. நாற்பது வருடம் லிஃப்ட் வரைபடம் பார்த்த கண் அல்லவா... அதை மட்டும் நோய் விட்டுவைத்திருக்கிறது. டாக்டர் பயணத்துக்குச் சம்மதித்து, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அப்பாதான் பயப்படுகிறார். போகிற ஊரைப் படமாகப் பார்த்துப் பழகிக்கொண்டால் பயம் தெளியும் என்று மகன் நினைக்கிறான்.

அவள் அவனுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, ஐந்தில் படம் அதிகமான ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். கிழிந்த ஐந்து உறைகளையும் அள்ளித் தன் மேஜைக்கு அடியில் திணித்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் அதே புத்தகத்தோடு வந்து நின்றான். நாலு பக்கம் புரட்டிவிட்டு அப்பா கீழே வைத்துவிட்டாராம். எல்லாமே புகைப்படம். புகைப்படத்தில் லிஃப்டின் வெளிப்பக்கம்தானே தெரியும்... அவருக்கு வேண்டியது உள்ளே இருக்கிற சமாச்சாரம். பிரித்த புத்தகத்தைத் திருப்பி வாங்கும் வழக்கம் அந்தக் கடையில் கிடையாது. அவள் மேனேஜரிடம் போய் ஏதேதோ சொல்லி, கையால் வரைந்த படங்கள் உள்ள வேறொன்றாக மாற்றிக் கொடுத்தாள். கீழே பில் போடும் கேஷியர் அக்கா இதையெல்லாம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே அவனுக்கு ‘லிஃப்ட்காரர்’ என்று பெயரும் வைத்துவிட்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை அவன் படியேறி வரும்போதே முகத்தில் சிரிப்பு இருந்தது.

அந்தப் புத்தகத்தில் லிஃப்டை வரைந்தவன் ஆளேறும் பெட்டிகள் இரண்டையும் அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தானாம். கம்பியும் இல்லை, சக்கரமும் இல்லை. அப்பா அந்தப் படத்தை விரலால் தட்டித் தட்டிச் சிரித்திருக்கிறார். ஆறு மாதத்தில் முதல் சிரிப்பு. பிறகு சைகையில் பென்சில் கேட்டு வாங்கி, நடுங்குகிற இடது கையால் கம்பியை அவரே போட்டுக் கொடுத்திருக்கிறார். சொல்லிக்கொண்டே வந்தவன் திடீரென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளுக்கும் ஏதாவது ஒரு பக்கம் திரும்பிக்கொண்டால் தேவலை போலிருந்தது.

சரியான படம் உள்ள புத்தகத்தை எங்கிருந்தாவது வரவழைத்துத் தருகிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்தது அப்போதுதான். நாலு விநியோகஸ்தர்களைத் துளைத்தெடுத்து, வெளியூர் கிடங்கு ஒன்றில் ஒரே ஒரு பிரதி இருப்பதைக் கண்டுபிடித்தாள். கட்டடங்களைக் குறுக்கே வெட்டி, உள்ளே இருப்பதையெல்லாம் வரைந்து காட்டும் பெரிய புத்தகம். வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த மூன்று வாரத்தையும் பற்றி என்ன சொல்ல... சனிக்கிழமை தவறாமல் வந்தான். “வந்துடுச்சா?” என்று கேட்பான். “இல்ல” என்பாள். அத்தோடு முடிந்துபோக வேண்டிய பேச்சு ஒரு மணி நேரம் போகும். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன் என்பதும், சனிக்கிழமை மதியம் மட்டும்தான் அவனுக்கு ஓய்வு என்பதும், அந்த நேரத்தில் அவனுடைய அக்கா வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள் என்பதும் அவளுக்கு இப்படித்தான் தெரிந்தன. ஒருநாள் அவளுடைய கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருப்பதாகச் சொல்லிக் கழற்றி வாங்கிக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து விரல் நீளத் திருப்புளி ஒன்றை எடுத்துத் திருகிச் சரிசெய்தான். பிறகு, அளவு பார்க்கிறேன் என்று அவனே அவளுக்கு மாட்டியும் விட்டான். இரண்டு விரல் காதோரம் பட்டது... அவ்வளவுதான். அவளுக்கு அன்றைக்கு முழுவதும் எந்தப் புத்தகத்தை எந்த அலமாரியில் வைத்தோம் என்றே நினைவில்லை.

புத்தகம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். வெளியூரிலிருந்து வரவழைத்த புத்தகம் கைக்கு வந்தவுடன், அட்டைக்குள் செருகியிருக்கும் சீட்டைப் பார்த்து அன்றைக்கே வாடிக்கையாளருக்குப் போன் செய்துவிட வேண்டும். அவள் பார்சலைப் பிரித்தாள். நேராக லிஃப்ட் பக்கத்துக்குப் போனாள். சக்கரம், கம்பி, இயந்திரம், ஆணி எல்லாம் அச்சு அசலாக இருந்தன. சீட்டிலிருந்த அவனுடைய எண்ணைப் பார்த்துப் போனையும் எடுத்துவிட்டாள்.

அப்புறம்தான் அந்த நினைப்பு வந்தது. இப்போது சொன்னால் இன்று சாயங்காலமே ஓடி வருவான். வாசலில் நின்றபடி வாங்கிக்கொண்டு ஓடிவிடுவான். அதற்கப்புறம் ‘வந்துடுச்சா’ என்று கேட்க அவனுக்கு என்ன இருக்கிறது? சனிக்கிழமை என்றால் நிதானமாக வருவான். அந்த நீல டிரெஸ் போட்டுக்கொண்டு வரலாம். இரண்டு பேரும் சேர்ந்து பக்கம் பக்கமாகப் பார்க்கலாம்... நாலே நாள்தானே. நாலு நாளில் என்ன குடி முழுகிப் போய்விடும்?

சீட்டை உருவித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை அவன் வரவில்லை. மூன்று மணி வரை படிக்கட்டையே பார்த்தாள். நாலு மணிக்கு ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள். ஐந்து மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் அவனுக்குப் போன் செய்தாள். எடுத்தது அவனுடைய அக்கா. யார் என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

“அப்பா நேத்துக் காலையில போயிட்டாரும்மா. தம்பி பேசற நிலைமையில இல்ல.”

அவள் போனை வைத்தாள். செவ்வாய், புதன், வியாழன். அவர் கையில் அந்தப் புத்தகம் மூன்று நாள் இருந்திருக்க வேண்டும். அது அவளுடைய மேஜை இழுப்பறையில் இருந்தது. ஒரு நீல டிரெஸ்ஸுக்காக... சீ, நானும் ஒரு மனுஷியா என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கேஷியர் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். லிஃப்ட்காரர் எப்போது வந்து கேட்டாலும் நான் லீவு என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினாள். அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் கீழே புத்தகக் கட்டுகள் கிடக்கும் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் வரவில்லை. வராததில் ஒரு நிம்மதி, வராததிலேயே ஒரு வலி. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கட்டுகளை எண்ணி எண்ணி அடுக்கினாள்.

மூன்றாவது சனிக்கிழமை அவனுடைய குரல் கேட்டது. கம்மிப்போன குரல். ஆர்டர் கொடுத்த புத்தகம் வந்துவிட்டதா என்று கேஷியர் அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அப்பாவுடைய டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று, நான் மட்டும் போகிறேன், அவர் பார்க்க நினைத்ததை நானாவது பார்த்துவிட்டு வருகிறேன் என்றான்.

“இன்னைக்குக் காலையிலதான் சார் வந்துச்சு,” என்றாள் அக்கா, கண் இமைக்காமல்.

பின்னறையில் அவளுக்கு எல்லாம் கேட்டது. இவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அவன் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவான். ஒருநாளும் அவனுக்குத் தெரியப் போவதில்லை. தெரியாத வரைக்கும் அவனுடைய மனசில் அவள் நல்லவளாகவே இருக்கலாம்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

முகத்தில் மூன்று வார தாடி. அந்தக் கண்கள் இன்னும் உள்ளே போயிருந்தன. அவளைப் பார்த்ததும் அவற்றில் ஏதோ ஒன்று எழுந்து வந்ததே... அதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

“இன்னைக்கு வரல. அக்கா எனக்காகச் சொல்றாங்க,” என்றாள். “உங்க அப்பா இருக்கும்போதே வந்துடுச்சு. அந்தச் செவ்வாய்க்கிழமை. நான்தான் உங்களுக்குச் சொல்லல.”

அவன் புரியாமல் பார்த்தான். “ஏன்?”

“சொன்னா அன்னைக்கே வாங்கிட்டுப் போயிடுவீங்க. சனிக்கிழமைன்னா கொஞ்ச நேரம் இருப்பீங்கன்னு... உங்கள எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதுக்காகத்தான் எடுத்து வெச்சேன். வேற ஒரு காரணமும் இல்ல.”

கேஷியர் அக்கா மெதுவாக எழுந்து, ஏதோ வேலை இருப்பதுபோல் வாசல் பக்கம் போனாள். அவன் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டிவிட்டால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தாள். அவன் திட்டவில்லை.

“புதன்கிழமை அப்பா கேட்டாருங்க,” என்றான் கடைசியில். “ரெண்டு கையையும் சேத்து வெச்சு, விரிச்சுக் காட்டினாரு. புத்தகம் வந்துடுச்சான்னு அர்த்தம்.”

அவள் கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு போன் பண்ணினா போதும். இந்தக் கடை நம்பர் என்கிட்ட இருக்கு. நான் கேட்டிருந்தா நீங்க வந்துடுச்சுன்னு சொல்லியிருப்பீங்க, உங்களுக்குப் பொய் வராது. நான் பண்ணல. சனிக்கிழமை போய்ப் பாத்துட்டு வரேம்ப்பான்னு சொன்னேன். அவரும் சரின்னு தலையாட்டினாரு.”

“ஏன் பண்ணல?”

“போன்லயே கேட்டு முடிச்சுட்டா, அப்புறம் இங்க வர்றதுக்கு எனக்கு என்ன சாக்கு இருக்கு?” என்று சொல்லும்போதே அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. “எங்கக்காகிட்டகூட இதச் சொல்லல. மூணு வாரமா தொண்டையிலயே நிக்குது.”

இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் பக்கத்தில் போய் நின்றாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம்தான். ஆனால் எதைச் சொன்னாலும் அது தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்வதாக ஆகிவிடும் என்று பேசாமல் இருந்தாள். அவளுடைய கன்னத்திலும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. யாரும் துடைக்கவில்லை.

கொஞ்சம் அடங்கியதும் அவன் தலையைத் தூக்கினான்.

“எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்குங்க. ஆனா... அதச் சந்தோஷமா சொல்ல முடியல.”

“சந்தோஷமா சொல்ல வேணாம்,” என்றாள் அவள். “சொன்னதே போதும்.”