ஆசையாற்றி

சுடலைராஜுக்குப் பரோட்டா மேல் இருந்த ஆசை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்குச் செத்துப்போனது. பிய்த்துப் போட்ட மூன்று பரோட்டாவில் சால்னாவை ஊற்றி முதல் வாயை எடுக்கும்போது, வலது காதுக்குப் பின்னால் லேசாகக் குளிர்ந்தது. கை பாதியில் நின்றது. யாரும் தடுக்கவில்லை, வலிக்கவும் இல்லை. வயிறாரச் சாப்பிட்டுக் கை கழுவியவனுக்கு வருமே ஒரு நிம்மதி, அது சாப்பிடாமலேயே வந்தது. நாற்பத்து நான்கு வயதும் நூற்றுப் பதினாறு கிலோவுமாக இருந்த கரிசல்புதூர் தீயணைப்பு நிலையத்தின் முன்னணி வீரர், வாழ்க்கையில் முதல்முறையாக இலையில் மிச்சம் வைத்து எழுந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த வண்டி ஓட்டுநர் ஜெபஸ்டின் அந்த இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"ஏல, மெசினு ஒன்னயக் கொன்னுட்டுல" என்றார் ஜெபஸ்டின்.

"சும்மா கெட. ஆறு மாசத்துல எம்பத்தஞ்சுக்கு வரணும். இல்லன்னா மாவட்ட ஆபீஸ்ல கோப்பு தூக்க விட்டுருவாவ. நெருப்புக்குப் போவாம என்னால இருக்க முடியாது."

அதுதான் புதிய விதி. எண்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் முதுகில் காற்று அடைத்த மூச்சுக்கலம் மாட்டி எரிகிற கட்டடத்துக்குள் போகக் கூடாது. துறையை அதற்காகத் திட்டவும் முடியாது. நெருப்புக்குள் செத்த வீரர்களைவிட, நெருப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்கள் அதிகமாகியிருந்தார்கள். அதனால் நிலையத்துக்கு ஒரு நலப் பயிற்றுநரை அனுப்பி, ஆளுக்கு ஓர் ஆசையாற்றியையும் கொடுத்தார்கள்.

ஆசையாற்றி என்பது கட்டைவிரல் நகம் அளவுள்ள தகடு. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் செருகிவிடுவார்கள். அது நாடித் துடிப்பையும் வேர்வையையும் நரம்பின் சலசலப்பையும் கவனித்துக்கொண்டே இருக்கும். முதல் மாதம் அதற்குப் படிப்பு மாதம். வேண்டாத ஆசை எழும்போதெல்லாம் அணிந்திருப்பவர் தகட்டை ஒருமுறை அழுத்த வேண்டும். அந்த நேரத்தில் உடம்பு எப்படி இருந்ததோ அதைத் தகடு மனப்பாடம் செய்துகொள்ளும். இரண்டாம் மாதத்திலிருந்து அதே நிலை தலைதூக்கினால், சூடான டீயை ஆற்றுவதுபோல ஆற்றிவிடும். ஊரில் ஆசிரியர்கள், பேருந்து நடத்துநர்கள், ஒரு சினிமா நடிகர் எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டு இளைத்துப்போயிருந்தார்கள்.

"பொய் சொல்லாம அழுத்துங்க சார். நீங்க எவ்வளவு நேர்மையா இருக்கீங்களோ அவ்வளவு நல்லா அது கத்துக்கும்" என்று பயிற்றுநர் யாழ்மொழி சொல்லியிருந்தாள். சேலத்துப் பெண். எல்லோரையும் சார் போட்டுப் பேசுவாள்.

நம்மவர்கள் நேர்மையாகத்தான் இருந்தார்கள். வினையே அதில்தான்.

அந்த நிலையத்தில் ஈரப்பந்தி என்று ஒரு வழக்கம் உண்டு. நெருப்பிலிருந்து ஓர் உயிரை மீட்டுவிட்டால், உடை மாற்றாமல், முகம்கூடக் கழுவாமல், நனைந்த காக்கியோடும் புகை நாற்றத்தோடும் நேரே புறவழிச்சாலைப் பரோட்டாக் கடையில் வண்டியை நிறுத்துவார்கள். உயிர் போய்விட்டால் யாரும் சாப்பிட மாட்டார்கள். ஆகையால் மணி அடித்து வண்டி கிளம்பும்போதே ஜெபஸ்டின் முன்னிருக்கையிலிருந்து, "இன்னைக்கு எத்தன?" என்று கத்துவார். பின்னால் இருப்பவர்கள் "எட்டு", "பத்து" என்று பரோட்டாக் கணக்கைப் பதிலுக்குக் கத்துவார்கள். எப்படியும் ஆளை வெளியே கொண்டுவருவோம் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். சொல்லும்போதே வாயில் எச்சில் ஊறும்.

படிப்பு மாதத்தில் மூன்று வீடுகள் எரிந்தன. மூன்றிலும் ஆட்களை உயிரோடு மீட்டார்கள். போகும் வழியில் எச்சில் ஊறியபோதும், திரும்பும் வழியில் கடைக்கு முன்னால் இறங்கியபோதும், சுடலைராஜும் மற்ற மூன்று வீரர்களும் ஒழுங்காகத் தகட்டை அழுத்தினார்கள். ஜெபஸ்டின் மட்டும் தகடே போட்டுக்கொள்ளவில்லை. "ஆசயக் களஞ்சுட்டு வெறும் ஒடம்ப வச்சு நான் என்னல செய்ய?" என்று சொல்லிவிட்டார். அவர் நூற்று இருபத்தொரு கிலோ. வண்டி ஓட்டலாம், தண்ணீர் இறைக்கும் பம்பைப் பார்த்துக்கொள்ளலாம், உள்ளே மட்டும் போகக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஆறு மாதத்தில் சுடலைராஜ் எண்பத்து மூன்றுக்கு வந்தார். மூச்சுக்கலத்தை மாட்டிக்கொண்டு நான்கு மாடியை மூச்சிரைக்காமல் ஏறினார். பழைய பெல்ட்டில் புதிதாக நான்கு ஓட்டைகள் போட வேண்டியிருந்தது. மனைவி சுபாஷினி அந்த எடைச்சீட்டை நகையைப் போலப் பத்திரமாகப் பீரோவில் வைத்தாள். அவளுடைய அப்பாவும் தீயணைப்பு வீரர்தான், ஐம்பது வயதில் வண்டிப் படியில் உட்கார்ந்தபடியே போனவர்.

படிப்பு மாதத்துக்குப் பிறகு வந்த அந்த ஆறு மாதத்தில் கிணற்றில் விழுந்த மாடு, வைக்கோல் போர், வீட்டுக்குள் பாம்பு என்றுதான் அழைப்புகள் வந்தன. ஆள் சிக்கிய நெருப்பு ஒன்றுகூட வரவில்லை.

அது புரட்டாசியில் ஒரு மத்தியானம் வந்தது. மார்க்கெட் தெருவில் ஒரு மெத்தைக் கடை. கீழே பஞ்சும் நுரைத்தகடும் அடைத்துக் கிடந்தன. மாடியில் மெத்தை உறை தைக்கும் மாரித்தாய் சிக்கிக்கொண்டாள். ஜன்னலில் கனமான இரும்புக் கம்பி. படிக்கட்டு ஒன்றுதான், அதுவும் கடைக்குள்ளே. "அண்ணாச்சி! அண்ணாச்சி!" என்று அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது தெருமுனை வரை கேட்டது.

சுடலைராஜ் முகமூடியை மாட்டினார். தண்ணீர் திரைபோல முன்னால் விழ, வாசற்படியில் கால் வைத்தார். புகை நாற்றம் ஏறியது. நெஞ்சு அடித்துக்கொண்டது. இருபது வருடமாக அவருக்குப் பழகிப்போன அந்த உந்துதல், உள்ளே போ போ என்று முதுகில் கை வைத்துத் தள்ளும் உந்துதல், எழுந்தது.

காதுக்குப் பின்னால் குளிர்ந்தது.

அவர் நின்றுவிட்டார். பயம் இல்லை. பயமாக இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பார், எத்தனையோ முறை போயிருக்கிறார். இது சாப்பிட்டு முடித்தவனைப் பந்திக்குக் கூப்பிட்டதுபோல் இருந்தது. உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தது. மூன்று நிமிடத்தில் போகாவிட்டால் செத்துவிடுவாள் என்றும் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? கடமை தலையில் இருக்கிறது. காலைத் தூக்குவது வேறு எதுவோ போலிருக்கிறது, அதைத்தான் இப்போது காணவில்லை. திரும்பிப் பார்த்தார். மற்ற மூவரும் அதே மாதிரி, அழகாக, ஒல்லியாக, அமைதியாக நின்றுகொண்டிருந்தார்கள்.

ஜெபஸ்டின் பம்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். "ஏல, என்னல நிக்க?"

"போணும்னு தெரியுதுல. போவத் தோணமாட்டேங்கு."

"என்னது?"

"தோணமாட்டேங்குல, ஜெபா! நான் என்ன செய்ய?"

ஜெபஸ்டின் அவர் முகத்தை ஒரு கணம்தான் பார்த்தார். பிறகு அவர் முதுகிலிருந்து மூச்சுக்கலத்தை உருவித் தன் முதுகில் போட்டுக்கொண்டார். இடுப்புப் பட்டை வயிற்றைச் சுற்றி வரவில்லை. அதைத் தொங்கவிட்டுக்கொண்டே உள்ளே போனார்.

நான்கு நிமிடத்தில் மாரித்தாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவளைத் தெருவில் கிடத்திவிட்டு வண்டிப் படியில் உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து அப்படியே சரிந்தார்.

அதற்கு மட்டும் தகடு குறுக்கே வரவில்லை. சுடலைராஜ் நண்பனின் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினார். ஆம்புலன்ஸ் வரும்வரை, பிறகு ஆம்புலன்ஸிலும், இருபத்தாறு நிமிடம் விடாமல் அழுத்தினார். அவர் உடம்பு பிரமாதமாக ஒத்துழைத்தது. கை சோரவே இல்லை. பழைய சுடலைராஜாக இருந்தால் பத்தாவது நிமிடத்தில் மூச்சு வாங்கியிருக்கும். ஆனால் ஜெபஸ்டின் எழுந்திருக்கவில்லை.

யாழ்மொழி மறுநாளே வந்துவிட்டாள். நான்கு தகடுகளின் பதிவுகளையும் திரையில் போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சுடலைராஜைக் கூப்பிட்டாள்.

"சார், அதுக்குக் கண்ணு கெடையாது. நீங்க எதைப் பாத்து ஆசைப்படறீங்கன்னு தெரியாது. நீங்க அழுத்துனப்போ உடம்புல என்ன இருந்துச்சோ அதைத்தான் படிக்கும். நீங்க புகை நாத்தத்துல, நெஞ்சு அடிச்சுக்கறப்போ, ஒரு உயிரைக் காப்பாத்தப் போற சந்தோஷத்துல அழுத்தியிருக்கீங்க. பரோட்டாவோட அதையும் சேத்துப் படிச்சிருச்சு."

"எங்கள மாதிரி வேற எவனும் அப்படி அழுத்தியிருக்க மாட்டாம்லா?"

"இல்ல சார். இந்த ஸ்டேஷன்ல மட்டும்தான். நான் கேட்டிருக்கணும். சாப்பாடு என்னன்னு கேட்டேன், எப்போன்னு கேக்கல." அவள் அழுதாள். "எடுத்துடலாம். ஆனா நானா எடுக்க முடியாது. நீங்க தொடர்ந்து மூணு நாள், உங்க வாயால கேக்கணும்."

ஆரம்ப காலத்தில் கல்யாண வீட்டு விருந்தைப் பார்த்ததும் ஆட்கள் தகட்டைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் வந்த சட்டம் அது. தகட்டை அழித்து மறுபடி படிக்க வைக்கவும் அதே மூன்று நாள் வேண்டும்.

முதல் நாள், ஜெபஸ்டினை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு, சுடலைராஜ் சொன்னார். "எடுத்துரும்மா."

இரண்டாம் நாள் வாயைத் திறந்தார். எதற்காக எடுக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தார். நெருப்புக்குள் மறுபடி போவதற்காக. மாரித்தாயின் குரலும் அந்தப் புகையும் நினைவில் ஏறின, நெஞ்சு அடித்துக்கொண்டது. காதுக்குப் பின்னால் குளிர்ந்தது. "நாளைக்குப் பாத்துக்கிடுவோம்" என்று அவர் குரல் சொன்னதை அவரே கேட்டார்.

வீட்டுக்குப் போய் சுபாஷினியிடம் கெஞ்சினார். "நாளைக்கு எம்பக்கத்துல நில்லு. நான் மாத்திச் சொன்னா அறைஞ்சாவது சொல்ல வையி. என்னால முடியல, சுபா."

சுபாஷினி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "நான் நிக்க மாட்டேங்க. எங்கப்பாவ வண்டிப் படியில இருந்து தூக்கிட்டு வந்தாவ. முந்தாநாளு ஜெபஸ்டின் அண்ணன அதே மாதிரி தூக்குனாவ. நீங்க வீட்டுக்கு வந்து ஒக்காந்திருக்கீங்க. என்னயக் கெட்டவளா நெனச்சுக்கோங்க, பரவால்ல."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தகடு போட்டிருந்தால் ஜெபஸ்டின் இருந்திருப்பான், மாரித்தாய் இருந்திருக்க மாட்டாள். சுடலைராஜ் அன்று முழுக்க அதையே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். அழுகை வந்தது, அதைத் தகடு ஒன்றும் செய்யவில்லை.

மூன்றாம் நாள் யாழ்மொழி கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"இருக்கட்டும் மேடம்" என்றார்.

மற்ற மூவரும் அதையே சொன்னார்கள். யாழ்மொழி மேலிடத்துக்கு எட்டுப் பக்கம் எழுதினாள். ஏழெட்டு மாதமாக அந்த நிலையத்தில் தகடு போட்ட வீரர் ஒருவருக்குக்கூடக் காயமில்லை, சராசரி எடை எண்பத்திரண்டு, அணிந்திருப்பவர்கள் யாரும் நீக்கக் கோரவில்லை என்று பதில் வந்தது. ஜெபஸ்டின் இடத்துக்கு வந்த புது ஓட்டுநர் எழுபத்தாறு கிலோ.

கார்த்திகையில் ஒரு காலை, தொலைபேசி மணி அடித்தபோது சுடலைராஜ்தான் பக்கத்தில் இருந்தார். ஒரு பெண்ணின் குரல். தெருப் பெயரைச் சொன்னாள். சிலிண்டர் வெடித்துவிட்டது என்றாள். மாமியார் உள் அறையில் இருக்கிறார், கால் வராது என்றாள். சுடலைராஜ் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்.

"வந்துட்டே இருக்கோம்மா."

"சார்..." அவள் குரல் தயங்கியது. பிறகு அழுகையோடு வேகமாக வந்தது. "சார், கோவிச்சுக்காதீங்க. மார்க்கெட் தெருவுல நடந்தத ஊரே பேசுது. ஒங்ககிட்ட குண்டா இருக்கறவரு யாராச்சும் இருந்தா, அவர மட்டுமாவது அனுப்புங்க சார்."

சுடலைராஜ் ரிசீவரைப் பிடித்தபடி கூடத்தைப் பார்த்தார். எல்லோரும் அதற்குள் காலணியை மாட்டியிருந்தார்கள். பதினெட்டே நொடியில் வண்டி வாசலைத் தாண்டியது, மாநிலத்திலேயே அதுதான் சாதனை.