மூன்றாவது தடவை பெயர் கூப்பிட்டபோது

"ஏங்க... உங்களத்தான்! பிள்ளைத்தாச்சி நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? எந்திரிங்க!"

பொன்மணி போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் காலை பஸ். வெளியே மழை சன்னல் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தது.

சீட்டில் இருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். அப்பா... என்ன கண்கள்! நனைந்த இமைகளுக்குள் கருகருவென்று, கோபமே இல்லாமல்... எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். கர்ப்பிணி உட்கார்ந்தாள்.

விருதுநகரில் இறங்கும்போதுதான் பொன்மணி கவனித்தாள். அவனுக்கு வலது முழங்கால் மடங்கவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, படியில் ஒற்றைக்காலால் இறங்கினான். அவளுக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்க ஓடுவதற்குள் கூட்டம் அவனை விழுங்கிவிட்டது.

அரை மணி நேரம் கழித்து, தான் நர்ஸாக வேலை பார்க்கும் எலும்பு மருத்துவமனையில் ஊசித்தட்டோடு அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கட்டிலில்... அதே கண்கள்!

பாண்டிராஜ், இருபத்தாறு வயது, அச்சங்குளம். கபடியில் முழங்கால் உள்பக்கத் தசைநார் பாதி அறுந்திருக்கிறது. சீட்டு அப்படித்தான் சொன்னது.

"காலு சரியில்லன்னு பஸ்லயே சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க எங்க சொல்ல விட்டீக? அந்த முழி முழிச்சா ஒடிஞ்ச காலும் எந்திரிச்சு நிக்கும்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "வலி மாத்திரை நிறுத்திப் பத்து நாளாச்சா?"

"ஆச்சு..." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "ஊசி போடும்போது சொல்லிருங்க."

"இம்புட்டுப் பெரிய ஆளு, ஊசிக்கா பயப்படுறீக? ரத்தம் எடுத்தே முடிச்சாச்சு!"

"கை அம்புட்டு மெத்துனு இருக்கு சிஸ்... ம்ஹூம், எனக்கு அப்பிடிக் கூப்பிட வரல. பேரச் சொல்லுங்க."

"பொன்மணி." ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

குழாயை இயந்திரத்தில் வைத்துச் சுழலவிட்டாள். பதினைந்து நிமிடம். "உங்க ரத்தத்துல இருந்தே காயத்த ஆத்துற தட்டணுவப் பிரிச்சு எடுத்து, அறுந்த நார்ல டாக்டர் போடுவாரு. அது மெதுவா ஒட்டணும். ஆறு வாரம் மைதானம் பக்கம் தல வச்சுப் படுக்கக்கூடாது."

"ஆறு வாரம் முடிஞ்ச ஞாயித்துக்கெளமதான் கபடி செலக்சன். ஜெயிச்சா கவர்மெண்டு வேல." அவன் குரல் தாழ்ந்தது. "எங்கம்மா பட்டாசு ஆலைல மருந்து செலுத்துற ரூம்ல இருக்கு. வேல கெடச்ச அன்னைக்கே வெளிய கூட்டிட்டு வந்துருவேன்."

பொன்மணியின் அம்மாவும் எம். புதுப்பட்டியில் அதே வேலைதான். தொழிற்சாலைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுபவள்தானே அவளும்?

அம்மா படத்தைக் காட்ட அவன் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தான். கூடவே ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. பாதி காலி.

"இது... எப்பப் போட்டீக?"

அவன் அவசரமாக அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

"கேக்குறேன்ல?"

"காலைல. ரெண்டு. வலி தாங்கல..."

"நிறுத்திட்டேன்னு சொன்னீகளே! இந்த மாத்திரை உள்ள இருந்தா தட்டணு சரியா வேல செய்யாது. ஊசி வீணாப் போயிரும்!"

"டாக்டர்கிட்டச் சொல்லாதீக. பத்து நாள் தள்ளிப்போனா செலக்சன் போச்சு. எங்கம்மா... கையெடுத்துக் கும்பிடுறேன் பொன்மணி."

இயந்திரம் நின்றது. வராந்தாவில் டாக்டரின் காலடி. அவன் கண்கள் அவளையே கெஞ்சின. பொய் சொல்லிவிடலாமா? ஒரே ஒரு பொய்...

கதவு திறந்தது.

"சார்... இவர் காலைல வலி மாத்திரை போட்டிருக்காரு."

அன்று ஊசி போடவில்லை. பத்து நாள் கழித்து வரச்சொன்னார் டாக்டர். போகும்போது அவன் வாசலில் நின்றான். "பஸ்ல எந்திரிக்கச் சொன்னீக, எந்திரிச்சேன். இன்னைக்கு ஒரேயடியா உக்கார வச்சுட்டீகள்ல..."

பத்தாம் நாள் அவன் வரவில்லை. போன் செய்தாள், எடுக்கவில்லை. 'தப்பு அவருமேல. நான் எதுக்குக் கெஞ்சணும்?' என்று வீம்பாக விட்டுவிட்டாள். ஆனாலும் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் தலை தானாகத் திரும்பியது...

செலக்சனுக்கு முந்தின நாள் வீம்பு தோற்றது. மறுபடி போன் போட்டாள். எடுத்தது அவனோடு லோடு ஏற்றும் முனியராஜ். "அவன் குளிக்கப் போயிருக்கான். நாளைக்கு வலி தெரியாம இருக்க மரப்பு ஊசி போட்டுட்டு எறங்கப் போறானாம். நாங்க சொல்லி எங்க கேக்கான்?"

மறுநாள் விருதுநகர் மைதானம். தூறல். ஓரத்து வேப்பமரத்தடியில் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஊசிப்பெட்டியோடு ஒரு ஆள். பொன்மணி நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"போட்டாச்சா?"

அவன் திடுக்கிட்டான். "இல்ல... பேரு கூப்பிட்டதும்."

"பாதி நாருதான் அறுந்துருக்கு. வலிதான் இப்ப உங்களக் காப்பாத்துது. அது தெரியாம ஆடினா மீதியும் போயிரும். உங்கம்மாவ வெளிய கூட்டிட்டு வர உங்களுக்கு ரெண்டு காலும் வேணும். நான் சொல்லிட்டேன்... முடிவு உங்களது."

"பாண்டிராஜ்!" ஒலிபெருக்கி கூப்பிட்டது.

அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"பாண்டிராஜ்... அச்சங்குளம்!"

பெட்டிக்காரர் ஊசியை எடுத்தார். பொன்மணி கண்களை இறுக மூடிக்கொண்டாள். மழைச் சத்தம் மட்டும்...

"பாண்டிராஜ்! கடைசித் தடவ!"

அப்புறம் வேறொரு பெயர். கண்ணைத் திறந்தாள். பெட்டிக்காரர் போய்க்கொண்டிருந்தார். அவன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். கன்னத்தில் ஓடியது மழையா, கண்ணீரா...

"எங்கம்மாகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"நானும் வாறேன். சேந்து சொல்லுவோம்."

அவன் மெல்ல நிமிர்ந்தான். "போன எடுக்காதது கோவத்துல இல்ல பொன்மணி. உங்க குரலக் கேட்டா ஆடாம இருந்துருவேனோன்னு பயம்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் விடவில்லை.

"எல்லா பேஷண்டு வீட்டுக்கும் இப்பிடித்தான் போவீகளா?"

"மாட்டேன்."

"அப்ப எங்க வீட்டுக்கு மட்டும்...?"

"உங்களப் புடிச்சிருக்கு... அதான்!" சொல்லிவிட்டாள். மழையிலும் முகம் சுட்டது.

அவன் கையை நீட்டினான். அவள் பிடித்துத் தூக்கினாள்.

"எனக்கு எப்பயோ புடிச்சிருச்சு. சொல்லத்தான் வாய் வரல" என்றான்.

"பேசுனது போதும்... வலது கால ஊனாதீக. எம்மேல சாஞ்சுக்கோங்க."

அவன் சாய்ந்துகொண்டான். கனமாகத்தான் இருந்தான்... இருந்துவிட்டுப் போகட்டும் என்று நடந்தாள் பொன்மணி.